உற்றவன் உரையாமை

திருக்குறள் பொருட்பாலில் அங்கவியலின் இறுதியில் நிற்பது மருந்து என்னும் 95ஆம் அதிகாரம். அதன் பத்துக் குறட்பாக்களுள் முதலாவது நோயின் தோற்றத்தைக் கூறும்; அடுத்த ஆறும் உணவின் அளவைக் கூறும்; எஞ்சிய மூன்றே நோய் வந்தபின் செய்யத் தக்கனவற்றைக் கூறும். இம்மூன்றனுள், நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்லும் 948ஆம் குறள் மேடைதோறும் எடுத்தாளப் பெறுகின்றது. மருத்துவமனைச் சுவர்களிலும் அதனைக் காண்கின்றோம். ஆயின், அதிகாரத்தை முடித்து வைக்கும் 950ஆம் குறள் அத்துணைப் போற்றப்படவில்லை. மருத்துவத்தின் கூறுகள் நான்கு என எண்ணித் தரும் அதனை வெறும் தொகைச் செய்யுளாகக் கருதி மேற்செல்வாரே பலர். அக்குறளும் அதற்குப் பரிமேலழகர் வகுத்த உரையும், இன்றைய மருத்துவவுலகம் விடை தேடி நிற்கும் ஒரு வினாவிற்கு ஒளி தருவன என்பது எம் கருத்து. அதனை ஒருவாறு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வினா இது: நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய உறுப்புகளில் தோன்றுவன தலையாயவை. முன்னைய இரண்டும் கண்ணாலும் கையாலும் அறியத் தக்கவை. மூன்றாவது எளிய சோதனையால் அறியத் தக்கது. அங்ஙனம் இருந்தும், நோயாளருட் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரை அடைகின்றனர். மூன்று வாரத்திற்கு மேலும் ஆறாத வாய்ப்புண்ணை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பாரும், மார்பில் ஒரு கட்டியைக் கண்டும் எவரிடமும் கூறாது ஓராண்டைக் கழிப்பாரும், மாதவிடாய் நின்றபின் மீண்டும் உதிரம் காணும்போது அதனை உடற்சூடு என்று எண்ணி அமைவாரும் உளர். இக்காலத்தாழ்வின் விளைவு சிறிதன்று. மார்பகப் புற்றுநோய் பற்றிய 87 ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து, 1999இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட நோயாளரின் நிலையை ஆராய்ந்தது. மூன்று திங்களும் அதற்கு மேலும் தாழ்த்தவருள் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர், விரைந்து மருத்துவம் பெற்றோரினும் நூற்றுக்குப் பன்னிருவர் குறைவு என்பது அதன் முடிபு.

இத்தாழ்வுக்குக் காரணம் யாது என வினவுவார்க்கு, அறியாமை என ஒரு சொல்லால் விடை கூறி அமைதல் வழக்கமாகிவிட்டது. அவ்விடை முற்றும் பொய்யன்று, ஆயினும் போதாது. கட்டியைக் கண்டவள் அது தீது என அறியாமையால் மட்டும் வாளா இருக்கவில்லை. அறிந்த ஐயத்தினாலேயே வாய்திறவாதவளும் உண்டு. ஆகவே, அறிதலுக்கும் உரைத்தலுக்கும் இடையே உள்ள வெளியையே யாம் ஆராய வேண்டும்.

உற்றவன் முதல்

948, 949 ஆகிய இரு குறள்களிலும் வினைமுதலாக நிற்பவன் மருத்துவனே. ஆராய்வான் அவன், அளந்தறிவான் அவன், செய்வான் அவன். நோயுற்றவன் ஆண்டு ஆராயப்படும் பொருளாக நிற்கின்றானேயன்றி, ஒன்றைச் செய்வானாக நிற்கவில்லை. 950ஆம் குறளிலோ நிலை மாறுகின்றது. நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என நான்கு கூறுகளை எண்ணும் வள்ளுவர், நோயுற்றவனையே முதற்கண் வைக்கின்றார்.

இவ்வைப்புமுறை நோக்கற்பாலது. மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்தல் வடமொழி மருத்துவ நூல்களிலும் உண்டு. சரகரும் வாகபடரும் இந்நான்கையும் கூறியுள்ளனர். ஆயின், அவ்விருவரும் மருத்துவனை முதலிலும் நோயாளனை இறுதியிலும் வைத்தனர். வள்ளுவர் இம்முறையை மாற்றியது தொடை நோக்கியே எனக் கூறுவாரும் உளராகலாம். அக்கூற்றை முழுதும் மறுத்தற்கில்லை. எனினும், செய்யுள் யாப்பின் தேவையைத் தம் கருத்தின் தேவையோடு ஒருங்கியையச் செய்தல் வள்ளுவர்க்கு அரியதன்று. நோயுற்றவன் வந்து நின்றாலன்றி ஏனை மூன்றும் தொழிற்படா. கைதேர்ந்த மருத்துவனும் சிறந்த மருந்தும் ஓரூரில் இருந்தும், உற்றவன் வாராவிடின் அவற்றால் பயனில்லை. ஆதலின் அவனை முதற்கண் வைத்தது பொருள் பற்றியதே எனக் கொள்ளுதல் தகும்.

இனி உரையை நோக்குவோம். நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றும் நான்கு வகைப்படும் எனக் கொண்ட பரிமேலழகர், நோயுற்றவற்கு வேண்டுவன நான்கினைச் சுட்டுகின்றார். பொருள் பெற்றிருத்தல், மருத்துவன் சொல்வழி ஒழுகுதல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தினால் வரும் துன்பத்தைத் தாங்குதல் என்பன அவை. இப்பட்டியல் வாகபடரின் அட்டாங்க இருதயத்தில் உள்ளதனோடு பெரிதும் ஒத்தது. சரகரோ பொருளுக்கு ஈடாக நினைவாற்றலையும், தாங்குதலுக்கு ஈடாக அஞ்சாமையையும் கூறினார். எனவே பரிமேலழகர் பின்பற்றியது வாகபடர் மரபு என்பது தெளிவு.

ஈண்டு ஒரு வேறுபாடு எம் கருத்தைக் கவர்கின்றது. அஞ்சாமையைப் பரிமேலழகர் அறவே விட்டாரல்லர். அதனை மருத்துவன்பால் வைத்தார். நோயைக் கண்டு அஞ்சாதிருத்தல், அவர் உரைப்படி, மருத்துவற்கு வேண்டும் நான்கனுள் முதலாவது. நோயாளன்பால் அவர் வேண்டியது மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலே. நோயுற்றவன் அஞ்சுதல் இயல்பு என்பதையும், அவ்வச்சத்தை நீக்கும் பொறுப்பு தீர்ப்பானைச் சார்ந்தது என்பதையும் இவ்வுரை நமக்கு உணர்த்துகின்றது. உரையாசிரியர் இதனைக் கருதியே செய்தார் எனச் சான்று காட்டல் இயலாது. ஆயினும் உரையின் அமைப்பு இப்பொருளுக்கு இடந்தருகின்றது.

நோய் என்னும் சொல்

நோயாளன் செய்யத் தக்க நான்கனுள் நோய்நிலையை உரைத்தலே காலத்தாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. உரைத்தற்கு முன், உரைக்கத் தக்கதொன்று தன்பால் உண்டு என அவன் உணர வேண்டும். இங்கேயே முதல் தடை எழுகின்றது. நோய் என்னும் சொல் நோ என்னும் வினையடியாகப் பிறந்தது. நோதல், நோவு என்பன அதன் இனம். தமிழ் மக்களின் வழக்கில் நோவதே நோய். புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. மார்பில் தோன்றும் கட்டி வலியின்றிக் கிடக்கின்றது; வாயில் தோன்றும் வெண்படலம் உண்ணலையும் பேசலையும் தடுப்பதில்லை. நோவாத ஒன்றை நோய் என எண்ணுதற்கு நம் சொல்லே இடந்தரவில்லை. வலியில்லை, ஆதலின் கேடில்லை எனக் கருதி இருந்தோம் என நோயாளர் கூறுவது அறிவின்மையால் மட்டும் எழுந்த கூற்றன்று. தலைமுறை தலைமுறையாக மொழி கற்பித்த பாடம் அது.

புற்று என்னும் அடைமொழியும் இவ்வாறே. கறையான் எழுப்பும் புற்றைப்போல் மேலெழுந்து, பல வாய் திறந்து புண்பட்ட தோற்றத்தை நோக்கியே இப்பெயர் வழங்கியதாதல் வேண்டும். அது நோயின் முற்றிய நிலை. பெயர் காட்டும் உருவம் இறுதி நிலையின் உருவமாதலின், முதல் நிலையில் உள்ள சிறு கட்டியை அப்பெயரோடு இயைத்துக் காணுதல் எளிதன்று. சொல் தரும் உருவத்தை உடலிற் காணும் வரை காத்திருப்பவன் காலம் கடந்த பின்னரே காண்பான்.

தகுதி வழக்கு மூன்றும்

உணர்ந்தபின் உரைத்தல் வேண்டும். ஆண்டு எதிர்ப்படுவது இரண்டாம் தடை. அவையில் சொல்லத் தகாதனவற்றை மறைத்துக் கூறுக எனத் தொல்காப்பியர் சொல்லதிகார எச்சவியலில் விதித்தார். நன்னூலார் இதனை விரித்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனத் தகுதி வழக்கு மூன்று எனக் கொண்டார். இம்மூன்றையும் நாம் நாகரிகத்தின் அடையாளங்களாகவே மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றோம். அவை அத்தகையனவே. ஆயின், நோயாளன் மருத்துவனை அடையும் வழியில் இம்மூன்றும் ஒவ்வோரிடத்தில் நின்று காலத்தைக் கவர்ந்துகொள்கின்றன என்பதையும் ஓர்தல் வேண்டும்.

இடக்கரடக்கல் முதற்படியில் நிற்கின்றது. மகளிர்க்கு நேரும் புற்றுநோய்களுள் பெரும்பாலன, பிறர்முன் பெயர் சொல்லத் தகாதன எனக் கருதப்படும் உறுப்புகளைப் பற்றியன. மாதவிடாயையே தூரம் என மறைத்துக் கூறும் வழக்கினள், அது நின்றபின் தோன்றும் உதிரத்தை எச்சொல்லால் கூறுவாள்? மருத்துவர் ஆடவராயின் நாணம் மிகும். உடன் வந்தவர் மைந்தராயின் அதனினும் மிகும். அவள் இறுதியில், வயிற்றுவலி என்றோ இடுப்புவலி என்றோ வேறொன்றைக் கூறி, அதற்கு மருந்து பெற்று மீள்கின்றாள். அவள் பொய் கூறினாளல்லள். இலக்கணம் அறிந்து ஒழுகினாள் என்பதே உண்மை.

மங்கலம் இரண்டாம் படியில் நிற்கின்றது. சுடுகாட்டை நன்காடு என்றும், செத்தாரைத் துஞ்சினார் என்றும் வழங்கும் மரபினர் நாம். புற்றுநோய் என்னும் பெயரை இல்லத்தில் உச்சரித்தல் தீங்கை அழைத்தல் என அஞ்சி, அந்த நோய் என்றும், கட்டி என்றும், ஆகாத நோய் என்றும் கூறுகின்றனர். மகளின் திருமணம் தடைப்படும் என்னும் அச்சமும் இதனோடு சேர்கின்றது. இதனால் விளையும் கேடு ஒன்று பலரும் கருதாதது. நோய் தீர்ந்து நலம் பெற்றவர் தமக்கு அது வந்ததை வெளியிடார். நோயால் இறந்தவரைப் பற்றியோ ஊரே பேசும். ஆகவே ஊரார் அறிந்த புற்றுநோயாளர் அனைவரும் இறந்தவராகவே உள்ளனர். இது தீராத நோய் என்னும் நம்பிக்கை இவ்வாறு நாள்தோறும் சான்று பெறுகின்றது. தீராது எனத் துணிந்தவர்க்கு, உரைத்தலால் பயன் என்னை?

குழூஉக்குறி மூன்றாம் படியில் நிற்கின்றது. மருத்துவர் தம்முள் இந்நோயைச் சி.ஏ. என்னும் ஈரெழுத்தாற் சுட்டுவர். நோயாளர் எதிரில் அவர் அஞ்சாவண்ணம் பேசுதற்கு இது உதவுகின்றது. ஆயின், மேற்சோதனைக்குச் செல்க எனக் கூறப்பட்ட நோயாளி, ஏன் செல்ல வேண்டும் என்பதை அறியாமலே சீட்டை மடித்து வைத்துக்கொள்கின்றார். அறுவடை முடியட்டும், திருவிழா கழியட்டும் என நாள் தள்ளுகின்றார். ஈண்டுத் தாழ்த்தவர் நோயாளியோ, குறிச்சொல்லோ எனத் துணிதல் அரிது.

குறிஞ்சிப்பாட்டு காட்டும் நெறி

உரையாமையின் இயல்பை நம் இலக்கியம் நன்கு அறியும். அகத்திணையில் நோய் என்பது பெரும்பாலும் காமநோயே. உடற்பிணியோடு அதனை ஒன்றாகக் கருதுதல் பிழையாகும். காமநோய் மறைக்க மறையாதது. பசலையாய்த் தோன்றிக் காட்டிக்கொடுப்பது. யாம் ஈண்டுக் கூறும் நோயோ மறைப்பாரின்றியும் மறைந்து நிற்பது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே, ஒப்புமை உள்ள அளவிற்கு எடுத்துக்கொள்வோம்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் இயன்றது. தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்றலே அதன் பொருள். தலைவியின் மெலிவைக் கண்ட தாய் வாளா இருந்தாளல்லள். அறிந்தோரை வினவுகின்றாள், பல தெய்வங்களைப் பரவுகின்றாள், மலர் தூவியும் நறும்புகை எடுத்தும் வழிபடுகின்றாள். ஆயினும் நோய் தீரவில்லை. காரணம் அவளுக்குத் தெரியாது. வெறிபாடிய காமக்கண்ணியார் அகநானூற்றில் பாடிய 22ஆம் செய்யுளிலும் வேலன் வெறியயர்தல் இவ்வாறே பொருந்தா மருந்தாகின்றது. இவற்றால் நாம் அறிவது யாது? தாழ்த்தல் என்பது ஒன்றும் செய்யாதிருத்தலன்று. அன்பினால் வேறொன்றைச் செய்திருத்தல். எண்ணெய் தடவியும், பச்சிலை வைத்துக் கட்டியும், நேர்ந்துகொண்டும் மாதங்களைக் கழித்த ஒரு குடும்பத்தை, கவலையற்றோர் எனக் கூறுதல் அறமாகாது. அவர்தம் கவலையே அவர்களை வேறு வழிகளில் ஓடச் செய்தது.

தலைவி ஏன் உரைத்திலள்? அணிகலன் பழுதுறின் மீண்டும் செய்துகொள்ளலாம், குடிப்பெருமையும் ஒழுக்கமும் குன்றின் மீட்டல் அரிது என அவள் எண்ணுகின்றாள். தன் உடல் நலத்தினும் இல்லத்தின் பெயரைப் பெரிதாகக் கருதிய உள்ளம் அது. இன்றும் கட்டியை மறைக்கும் மகளிர் பலரின் உள்ளம் இதனின் வேறன்று. இத்தடையை உடைப்பவள் தோழி. அவளும் எளிதில் உரைத்தாளல்லள். பகைகொண்ட இரு பெருவேந்தர்க்கு இடையே நின்ற சான்றோரைப் போல, இருபாலும் அஞ்சி நின்றதாகக் கூறுகின்றாள். அஞ்சியும் உரைத்தாள், சினவாது கேட்க என வேண்டி உரைத்தாள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் படிப்படியே உண்மையைச் சேர்ப்பிக்கும் இம்மரபு, உரைத்தல் ஒருவர் தனித்துச் செய்யும் செயலன்று என்பதை நன்கு காட்டுகின்றது. மார்பகக் கட்டி கண்ட மகளிரைப் பற்றிய மேனாட்டாய்வுகளும், அதனை அணுக்கமான ஒருவர்க்கு வெளியிட்டவர் விரைந்து மருத்துவரை அடைந்தனர் என்றும், எவர்க்கும் வெளியிடாதவர் தாழ்த்தனர் என்றும் கூறுகின்றன. மருத்துவமனைக்குச் செல்லும் வழி தோழியின் செவியில் தொடங்குகின்றது எனலாம்.

பொருளும் துணையும்

நோயுற்றவற்கு வேண்டுவனவற்றுள் பொருளையே முதலிற் கூறினார் பரிமேலழகர். இஃது ஏழையரைக் குறை கூறியதன்று. உள்ளதை உள்ளவாறு உரைத்ததாகும். நாட்கூலி பெறும் உழைப்பாளிக்கு மருத்துவமனையிற் கழியும் ஒரு பகல் ஒருநாள் உணவை இழத்தலாகும். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால், 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 2009 முதல் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் ஏழையரின் மருத்துவச் செலவைப் பெரிதும் ஏற்று வருகின்றன. இவை போற்றற்குரியன. ஆயினும் இவை பெரும்பாலும் நோய் இன்னது எனத் துணிந்த பின்னரே துணை வருவன. துணிதற்கு முன் பலமுறை அலையும் பேருந்துச் செலவையும் இழந்த கூலியையும் நோயாளியே தாங்க வேண்டியுள்ளது. தாழ்வு நேரும் காலமோ அதுவே.

துணைபுரிவோனைக் குறிக்கும் உழைச்செல்வான் என்னும் சொல் ஆண்பாலில் நிற்கின்றது. தமிழ் இல்லங்களில் நோயாளியின் அருகிருந்து பேணுபவள் பெரும்பாலும் மனைவியோ தாயோ மகளோ ஆவாள். அவளே உற்றவளாகும்போது என் நிகழும்? நாற்கூற்றில் ஒரு கூறு நோயுற, மற்றொரு கூறு தானே இல்லையாகின்றது. கணவற்குச் சோறு ஆக்குவார் யார், பேரக்குழந்தையைப் பார்ப்பார் யார் என எண்ணித் தன் நோயைப் பின்னுக்குத் தள்ளும் தாயின் தாழ்வு, அறியாமையால் வந்ததன்று. உரைகாரர் கருதாத இவ்விடத்தை இன்று நாம் கருதியே ஆக வேண்டும்.

குற்றம் யாருடையது?

அமெரிக்க மருத்துவர் பேக், காலோ என்னும் இருவர் 1938இல் புற்றுநோய் மருத்துவத்தில் நேரும் தாழ்வை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அறிகுறி கண்டபின் மூன்று திங்கள் கடத்தலை நோயாளரின் தாழ்வு என வரையறுத்தவர் அவர். அக்கட்டுரையின் தலைப்பிலேயே குற்றப்பொறுப்பு என்னும் பொருள்படும் சொல் நின்றது. குற்றம் நோயாளருடையதா, மருத்துவருடையதா, இருவருடையதா எனப் பகுத்து எண்ணினர். பின் வந்தோர் இந்நோக்கினின்றும் சிறிது சிறிதாக விலகினர். டென்மார்க்கு நாட்டு ஆர்ஃகூசு நகரின் பெயரால் 2012இல் வெளிவந்த அறிஞர் கூட்டறிக்கை, அறிகுறி தோன்றியது முதல் மருத்துவம் தொடங்குவது வரையுள்ள காலத்தைப் பல இடைவெளிகளாகப் பகுத்து அளக்குமாறு வேண்டியது. பழி சுமத்தும் சொல்லினின்றும் அளந்தறியும் சொல்லை நோக்கி ஆய்வு நகர்ந்துள்ளது.

பரிமேலழகர் தம் உரையை முடிக்குமிடத்து, கூறப்பட்ட இவை யாவும் ஒருங்கு கூடினாலன்றிப் பிணி தீராது, ஆதலின் இத்தொகுதி முழுவதையுமே மருந்து என்றார் எனப் பொருள்பட உரைக்கின்றார். இவ்வுரையின் ஆழம் இப்பொழுது புலனாகும். தொகுதி முழுவதும் மருந்தாயின், தொகுதியின் குறை முழுவதும் தாழ்வாகும். நோய் முற்றி வந்த ஒருவரை நோக்கி, ஏன் முன்னரே வரவில்லை எனக் கடிந்து வினவுவோர், நான்கு கூறுகளின் குறையையும் ஒரு கூற்றின் மேல் ஏற்றுகின்றனர். அவ்வினாவைக் கேட்டுத் தலைகவிழ்ந்த நோயாளி, அடுத்த முறை உரைக்க வேண்டியதையும் உரையாமற் போதலே அதன் பயன்.

தமிழ் ஆய்வாளராகிய நமக்கும் இதிற் பங்கு உண்டு. நோவாத கட்டியும் நோயே எனக் கற்பிக்கும் சொல்லை, மறைக்கத் தக்க உறுப்புகளையும் நாணமின்றி மருத்துவரிடம் கூறுதற்கேற்ற சொல்லை, அச்சுறுத்தாமலும் மறைக்காமலும் நோயின் பெயரை உரைக்கும் சொல்லை ஆக்கித் தருதல் மருத்துவரால் மட்டும் இயலுவதன்று. தகுதி வழக்கு அவைக்கு உரியது. மருத்துவன் முன்னிலை அவையன்று. இவ்வொரு வரையறையை இலக்கண வகுப்பில் நாம் தெளிவாக உரைப்போமாயின், அதனைக் கேட்ட மாணாக்கர் ஒருவர் தம் இல்லத்துத் தாய்க்குத் தோழியாக நின்று உரைத்தலும் கூடும்.